கொட்டகையும் கொட்டும்

கட்டணம் கொடுத்தவன் உட்காரலாம்! படக்கொட்டகை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த சட்டம் இவ்வளவுதான். சின்னஞ்சிறு சட்டம், ஆனால், மனு எழுதிவைத்த சட்டத்தை அது மாலைதோறும் மூன்று மணி நேரமாவது மறக்கடித்தது. கோயிலிலே, ‘அந்தத் தூணுக்கு அப்பால் நில்’ என்றனர். தெருவிலே, ‘செருப்பைக் கழற்றிக் கையில் எடு’ என்றனர். தேநீர்க் கடையிலே தனிக் குவளை வைத்தனர். ஊர்த் திடலில் கூத்து நடந்தால், அங்கும் ஓர் ஓரத்தைக் காட்டி, ‘உன் இடம் அது’ என்றனர். கொட்டகைக்காரர் என்ன செய்தார்? அவர் புரட்சிக்காரர் அல்லர். பணம் பண்ண வந்தவர். ‘காசு இருக்கிறதா, உள்ளே போ!’ என்றார். தரை டிக்கெட் வாங்கியவன் தரையில் அமர்ந்தான். பெஞ்சு டிக்கெட் வாங்கியவன் பெஞ்சில் அமர்ந்தான். பணம் பிரித்தது, மறுக்கவில்லை, பிறப்புப் பிரிக்கவில்லை. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் திரையரங்கே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் எழுதியிருப்பது வெறும் புகழுரை அன்று; வரலாற்றுக் கணக்கு.

ஆகவே, தோழர்களே, படம் பார்ப்பது பாழ்படுத்தும் என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் கூட்டத்தில் நாம் இல்லை. நாம் ஆசிரியர்தாம், வரலாறு படித்துப் பட்டம் பெற்று, வட மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளியில் நான்காண்டுகளாகச் சமூக அறிவியல் சொல்லித் தருகிறோம். நம் மாணவரைக் கொட்டகையில் கண்டால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, அவர்கள்தாம் திருப்பிக்கொள்கின்றனர்.

சென்ற மார்கழியில், அரையாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில், வெள்ளிக்கிழமை ஒரு படமும் ஞாயிற்றுக்கிழமை இசையும் கேட்டுவந்தோம். படம், முதல் நாள் முதல் காட்சி. இசை, சென்னையிலே நண்பகலில் ஒரு சபா, அந்தி சாய்ந்தபின் ஒரு திறந்த திடல். மூன்று நாளில் கண்ட மூன்று கூட்டங்களையும் பற்றித்தான் எழுத எண்ணுகிறோம்.

படத்தின் பெயர் எதற்கு? பெருநடிகர் எவருடைய படமாயினும் வாயிலில் நடப்பது ஒன்றே. காலை எட்டு மணிக்கெல்லாம் கொட்டகை முன்னே கூட்டம் நெரிந்தது. வானைத் தொடும் கட்-அவுட். அதன் கழுத்திலே கிரேன் வைத்து ஏற்றிய மாலை. சாரத்தின்மேல் ஏறி நின்ற நான்கு இளைஞர்கள் பால் பொட்டலங்களைப் பல்லால் கிழித்து, அட்டைத் தலையிலே அபிடேகம் செய்தனர். வழிந்த பால் அட்டை மீசையில் இறங்கி, அட்டை மார்பில் இறங்கி, சாக்கடையில் சேர்ந்தது. கீழே கற்பூரம். பூசணிக்காய். தேங்காய். ‘தலைவா!’ என்ற முழக்கம். எந்தத் திரையிலே 1952-இல் ‘பராசக்தி’ வந்து கோயிற் பூசாரியைக் கூண்டில் ஏற்றிற்றோ, எந்தத் திரையிலே 1954-இல் ‘இரத்தக்கண்ணீர்’ வந்து எம். ஆர். இராதாவின் நாக்கினால் மூடநம்பிக்கையை வறுத்தெடுத்ததோ, அந்தத் திரை தொங்கும் கொட்டகையின் வாயிலிலே கற்பூரம்! என் செய்வது?

இது நேற்று வந்த நோய் என்று எண்ணிவிட வேண்டா. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. அதன் சுருள்கள் இரயிலில் வந்திறங்கியபோது, மக்கள் வால்டாக்ஸ் சாலை வழியே அந்தப் பெட்டிக்குப் பின்னே திரண்டு சென்று, பூத் தூவி, தேங்காய் உடைத்தார்களாம். படம் இன்னும் ஓடவில்லை. நடிகரின் முகம் இன்னும் தெரியவில்லை. அதற்குள் பெட்டிக்குப் பூசை! கும்பிட்டுப் பழகிய கை. எது வந்தாலும் குவிகிறது.

பக்தி என்றால் பலி உண்டல்லவா? 2023 சனவரி 11-ஆம் நாள், சென்னையில், நள்ளிரவுக் காட்சிக் களிப்பிலே ஓடும் லாரிமீது ஏறி ஆடிய 19 வயது இளைஞன் விழுந்து மாண்டான். அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் ஒன்பது மணிக்கு முன் காட்சி இல்லை என்றாயிற்று. 2024 டிசம்பர் 4 இரவு ஐதராபாத்தில், ‘புஷ்பா 2’ முன்காட்சிக்கு வந்த நடிகரைக் காண முண்டிய நெரிசலிலே ஒரு தாய் உயிரிழந்தார். அவர் மகன் மாதக்கணக்கில் மருத்துவமனையிலே கிடந்தான். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றாதீர் என்று பால் முகவர்களே வேண்டுகோள் விடுத்துப் பார்த்தார்கள். கேட்டவர் யார்?

நமக்கு அன்று கண் நின்ற இடம் கட்-அவுட் அன்று. அதன் காலடியில், சாலை ஓரமாக, நால்வர் பறை அடித்துக்கொண்டிருந்தனர். இரசிகர் மன்றத்தார் கூலிக்கு அமர்த்திய மேளம். அடியென்றால் அடி! ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி. இரண்டும் தோலின்மேல் மாறி மாறிப் பாய, கேட்டவன் கால் சும்மா நிற்குமா? நம் காலும் நிற்கவில்லை. நூறு இளைஞர் ஆடினர். ‘சாவுக்குத்து’ என்று அதற்குப் பெயர். பாடையின் முன்னே பிறந்த தாளம், பட வாயிலுக்கு வந்து, அங்கிருந்து படத்துக்குள்ளேயே நுழைந்து, இன்று திருமண மண்டபம் வரையில் போய்விட்டது. தாளம் எல்லா வாயிலுக்குள்ளும் போயிற்று. தாளக்காரர் தாம் போகவில்லை.

அந்த நால்வரில் முதல்வர் நமக்குத் தெரிந்தவர். நம் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை. பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறை வந்து, நாற்காலியில் உட்காராமல், கதவோரம் நின்றே பேசிவிட்டுப் போனவர். வெயிலில் வெற்றுடம்போடு, இடுப்பில் துண்டோடு, கண் மூடி அடித்துக்கொண்டிருந்தார். மகன் எங்கே என்று தேடினோம். மன்றத்துப் பனியன் அணிந்து, பாலுக்கும் வெடிக்கும் தன் பங்கு 200 ரூபாயை விடுமுறையில் செங்கல் சுமந்து சேர்த்துக் கொடுத்திருந்த அந்தப் பையன், ஆட்டத்தின் நடுவிலேதான் இருந்தான். மேளக்காரர் இப்பக்கம் திரும்பியபோது, அவன் கூட்டத்துக்குள் புகுந்து, வேன் ஒன்றின் பின்னே போய் நின்றான். தந்தை கண் திறந்தார். மகன் நின்ற பக்கம் பார்த்தார். பார்க்காதவர்போல மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். இருவருக்கும் அது பழகிய ஏற்பாடு என்று நமக்குத் தோன்றிற்று.

கொட்டகைக்குள்ளே அவன் நமக்கு மூன்று வரிசை முன்னே அமர்ந்திருந்தான். பக்கத்தில் அரிசி ஆலை உரிமையாளரின் மகன். இருவர் தோளிலும் இருவர் கை. விளக்கு அணைந்தது. நாயகன் தோன்றும் பாட்டு வந்தது. பறைதான்! ஒலிப்பெருக்கிகள் அதிர, அதே அடி, அதே குத்து, ஒளிப்பதிவு வேலையிலும் ஒப்பனையிலும் குளித்தெழுந்து வந்தது. பையன் நாற்காலிமேல் ஏறி நின்று ஆடினான். வாயிலில் ஒளிந்தவன் இங்கே ஒளியவில்லை. இங்கே அந்தத் தாளத்துக்கு ஊர் இல்லை, தெரு இல்லை, அப்பா இல்லை.

படத்தைப் பற்றி நாம் சொல்லத்தக்கது அதிகம் இல்லை. நாயகன் ஏழைக்காக அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். ஏழை கடைசி வரையில் கைகட்டி நின்றுகொண்டே இருந்தான். அந்தக் கணக்கு நமக்கு விளங்கவில்லை.

ஆனால் அந்தத் தோள்மேல் போட்ட கை இருக்கிறதே, அதைக் கொட்டகைதான் தந்தது. அதனால்தான் கொட்டகை வாயிலில் தடுக்கப்படுவது மற்ற வாயில்களில் தடுக்கப்படுவதைவிடக் கொடிது என்று நாம் கருதுகிறோம். 2023 மார்ச் 30 அன்று, சென்னைத் திரையரங்கு ஒன்றிலே, ‘பத்து தல’ படத்துக்குக் கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தினர் வாயிலில் நிறுத்தப்பட்டனர். அங்கிருந்தோர் கேள்வி கேட்டனர்; படம் பிடித்தனர்; நாடு முழுதும் பார்த்தது; பிறகு உள்ளே விட்டனர். சிறுவர் பார்க்கலாகாத சான்று பெற்ற படம் என்பது நிருவாகத்தார் சொன்ன சமாதானம். சான்று ‘யு/ஏ’. பெற்றோர் துணையிருந்தால் சிறுவரும் பார்க்கத் தடையில்லாத சான்று அது. பெற்றோர்தாமே டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நின்றனர்? கட்டணம் கொடுத்தவன் உட்காரலாம் என்னும் அந்த ஒற்றைச் சட்டத்தையும் ஒருவர் கிழித்தெறியத் துணிந்தார். கிழிபட்டதைத் தைத்தவர்கள், அன்று படம் பார்க்க வந்து நின்ற பொதுமக்கள். அவர்களில் எத்தனை பேர் காலையில் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றியவர்களோ, யார் அறிவார்! இரசிகனை மூடன் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடும் நண்பர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறோம்.

சனிக்கிழமை அந்த மாணவன் வீட்டுக்குச் சென்றோம். ஞாயிறன்று சென்னைக்குப் போகிறோம், பையனை உடன் அழைத்துச் செல்லலாமா என்று கேட்கத்தான். தந்தை பதறி எழுந்து, “வாங்க சாமி” என்றார்.

“சாமி வேண்டாம் ஐயா. வாத்தியார் என்றே கூப்பிடுங்கள்.”

“சரிங்க சாமி” என்றார்.

அவரும் சிரித்துவிட்டார், நாமும் சிரித்தோம். சுவரிலே பறை தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மரத்துண்டுகளை வளைத்து இணைத்த சட்டம். அதன்மேல் கன்றுத் தோல். ஒட்டியது புளியங்கொட்டைப் பசையினால் என்று அவர் சொன்னார். இக்காலத்தில் பலர் செயற்கைத் தகடு மாட்டிக்கொள்கின்றனர். அதைத் தீயில் காய்ச்ச வேண்டியதில்லை, மழைக்கும் தளராது, “ஆனா அதுக்குப் பேச்சு வராது” என்றார். பேச்சு! பறைதல் என்றால் சொல்லுதல் என்று அகராதி புரட்டித் தெரிந்துகொண்டோம் நாம். மலையாளத்தார் இன்றும் அச்சொல்லை அப்பொருளிலேயே வழங்குகின்றனர். அவர் அகராதி பாராமலே அதைச் சொன்னார். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வம், உணவு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது என்று நாம் சொன்னோம். “அப்படிங்களா” என்றார். அவ்வளவுதான். பையன் இதற்கெல்லாம் காது கொடாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்கழியில் சென்னை இசையில் மூழ்கும் என்பர். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாதெமி முதலாக, எத்தனையோ சபாக்கள். மாலைக் கச்சேரிக்கு உயர்ந்த கட்டணம். நண்பகல் கச்சேரிகள் பலவும் இலவசம், இளைய கலைஞர்க்கு உரியவை. நாம் நுழைந்தது அத்தகைய ஒன்றிலே. எவரும் தடுக்கவில்லை, எவரும் ஏனென்று கேட்கவில்லை, பின்வரிசையில் நல்ல நாற்காலியிலே அமர்ந்தோம். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஆனால், அந்த மண்டபத்திலே பார்த்த இடமெல்லாம் ஒரே வகையான முகங்கள். யாரும் யாரையும் வெளியே நிறுத்தவில்லைதான். உள்ளே வரவேண்டும் என்னும் எண்ணமே தோன்றாதபடி வெளியே ஒரு நாடு வாழ்கிறதே, அதற்கு எந்த வாயில்காப்போனைக் குறை கூறுவது?

பாடியவர் ஓர் இளம்பெண். குரல் தேன். ஒன்றரை மணி நேரத்தில் தெலுங்கு ஐந்து, வடமொழி ஒன்று, கடைசியில் துக்கடாவாகத் தமிழ் ஒன்று. தமிழ் மண்ணிலே, தமிழ்ப் பெண், தமிழ்க் காதுகளுக்கு! 1917-இல் தஞ்சையிலிருந்து ஆபிரகாம் பண்டிதர் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசையின் வேரைத் தோண்டிக் காட்டினார். 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. திருவாரூர் மூவருக்கு முன்னரே முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழிலே கீர்த்தனை செய்துவைத்தனர். இத்தனைக்குப் பின்னும் தமிழுக்குப் பந்தியில் கடைசி இலை. அந்தத் தமிழ்ப் பாட்டும் முருகனைத்தான் பாடிற்று. தமிழில் பாடினால் மட்டும் போதுமா, பாட்டிலே இருப்பது என்ன என்று பார்க்க வேண்டாமா என்று பெரியார் அந்நாளிலேயே கேட்டார். தமிழிசைக்காரர் பலருக்கும் அக்கேள்வி கசந்தது. இன்றும் கசக்கும்.

பையனுக்கு இந்தச் சிந்தனையெல்லாம் இல்லை. முதல் மணி நேரம் நெளிந்தான், கொட்டாவி விட்டான். தனி ஆவர்த்தனம் வந்தது. மிருதங்கக்காரர் தொடங்கியதும் நிமிர்ந்தான். அவன் விரல்கள் தொடையின்மேல் தாமாக ஓடத் தொடங்கின. ஒரு கணக்கு முடிந்து இன்னொன்று பிறக்கும் இடத்தை, முன்வரிசைப் பெரியவர்கள் கை தட்டிக் காட்டுமுன், இவன் விரல் காட்டிவிட்டது. யார் கற்றுக் கொடுத்தார்? நாம் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, நம் காதருகே வந்து, ஆனால் காதருகே மட்டும் நில்லாத குரலில் கேட்டான்:

“சார், அதுவும் மாட்டுத் தோல்தானே?”

முன்னே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். கோபப் பார்வை அன்று. கேட்கக் கூடாத ஒன்று கேட்டுவிட்ட பார்வை. “ஆம்” என்றோம்.

ஆம், தோழர்களே. பலா மரத்தைக் குடைந்து, இருபுறமும் தோல் கட்டி, வலந்தலையில் கருஞ்சாந்து பூசி, தொப்பியில் இரவைப் பிசைந்து ஒட்டி, மேடைமேல் பட்டுவிரிப்பில் வைக்கிறார்களே அந்த மிருதங்கம், அதற்குப் பசுத்தோல் வேண்டும், ஆட்டுத்தோல் வேண்டும், வார் பிடிக்க எருமைத்தோல் வேண்டும். மூன்று விலங்கு இறந்தாலன்றி ஒரு மிருதங்கம் பிறவாது. அத்தோலைத் தேர்ந்து, உரசி, வலித்துக் கட்டித் தருவோர் பலரும் தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்களிலே கிறித்துவரானோர் நிறையப் பேர். அவர்தம் வரலாற்றைத்தான் டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூலாக 2020-இல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு இடம் தர இசைந்த கலாக்ஷேத்ரா, பின்னர் இசைவைத் திரும்பப் பெற்றது. அதே கிருஷ்ணாவுக்கு ‘சங்கீத கலாநிதி’ என்று மியூசிக் அகாதெமி 2024 மார்ச்சில் அறிவித்தபோது, இசைவாணர் சிலர், அவர் பெரியாரைப் போற்றுகிறார் என்பதையும் ஒரு குற்றமாக எடுத்துரைத்து, அவ்வாண்டு விழாவிலே பாடமாட்டோம் என்று விலகினர். தோலைத் தொடுவர், தோல் செய்தவன் பெயரை அட்டையில் அச்சிட்டால் சுடுகிறது!

மேடைமேல் இருப்பதும் தோல். பாடை முன் அதிர்வதும் தோல். ஒன்று ‘தெய்வ வாத்தியம்’, மற்றொன்று தெருவோரம். இந்த வேறுபாடு மாட்டுக்குத் தெரியாது.

மாலையில் வட சென்னைப் பக்கம் ஒரு திடலுக்கு வந்தோம். அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்னும் சொல்லிலிருந்து பெயர் பெற்று, 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதன்முதல் மேடையேறியது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழு. அதற்கு வழிசெய்த இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற விழாவைத் தொடங்கிற்று. கானா, ஒப்பாரி, பறை; மார்கழி மேடைகள் அழைக்காத அத்தனையும் மார்கழியிலேயே மேடை கண்டன. அந்தக் காற்று இப்போது பல திடல்களில் வீசுகிறது. நாம் சென்றது சிறிய குழு ஒன்றின் நிகழ்ச்சி. நாற்காலி ஐம்பது, நின்றவர் ஐந்நூறு.

மேடைக்குப் பக்கத்தில் பழைய செய்தித்தாள்களைக் கொளுத்தி, பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தனர். அடிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். கல்லூரி மாணவியர், ஒரு செவிலி, வங்கி ஊழியர் ஒருவர். வேலையாகப் பெறாமல், விருப்பாகக் கற்றவர்கள். அவர்களில் ஓர் இளைஞர் பறையைத் தீக்கு மிக நெருக்கமாகப் பிடித்துவிட்டார். நம் அருகில் நின்ற பையன் சட்டென்று முன்னே பாய்ந்தான்.

“அண்ணா, அப்படிப் பிடிச்சா தோல் வெடிச்சிடும். கொஞ்சம் மேல. சுத்திக்கிட்டே இருக்கணும்.”

சொன்னவன் பறையைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். அனலிலே திருப்பினான், முட்டி மடக்கித் தட்டினான், காதை வைத்துக் கேட்டான், இன்னும் போதாது என்று தலையசைத்தான். மறுபடியும் அனல்; மறுபடியும் தட்டு. இப்போது ‘கணீர்’ என்றது. சுற்றி நின்றவர் கண்டு வியந்தனர்.

“யார்கிட்டத் தம்பி கத்துக்கிட்டே?” என்றாள் ஒரு மாணவி.

நாம் அவன் முகத்தைப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை வேன் பின்னே ஒளிந்த முகம். ஒரு நொடி, இரு நொடி.

“எங்க அப்பாகிட்ட. அவர் நல்லா அடிப்பாரு” என்றான்.

“கூட்டிட்டு வரலியா?” என்றாள் அவள், மிக இயல்பாக.

அதன்பின் இரண்டு மணி நேரம் அந்தத் திடல் அதிர்ந்தது. பெண்கள் அடவு கட்டி ஆடிக்கொண்டே அடித்தார்கள். காலிலே செருப்பு இருந்தது. உடலிலே சட்டை இருந்தது. தோளிலே துண்டு இருந்தது. அந்தத் துண்டைக் கண்டபோது நமக்குப் பட்டுக்கோட்டை அழகிரி நினைவு வந்தது. சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க நாட்களில், செட்டிநாட்டுத் திருமண ஊர்வலம் ஒன்றிலே, நாதசுரக் கலைஞர் சிவக்கொழுந்து வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். ‘துண்டை எடு’ என்றனர் ஊரார். ‘எடுக்காதே, வாசி’ என்று உடன் நின்றார் அழகிரி. துண்டு தோளிலேயே இருந்தது. மேளக்காரன் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தை மதியாத டி. என். இராசரத்தினம் பிள்ளையும் அந்தத் தலைமுறைக்காரரே. நாதசுரத்துக்கு மேடை கிடைக்கப் பட்ட பாடு இவ்வளவு என்றால், பறைக்கு? 2025-இல் மதுரைப் பக்கத்துப் பறையிசை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ந்தோம். ஆயினும், பத்மஸ்ரீ தில்லியில் கொடுக்கப்படுகிறது. இழவுக்கு அழைப்பு ஊரிலே வருகிறது.

இங்கேதான் நம் தோழர்களுக்குள்ளே ஒரு வழக்கு நெடுநாளாக நடக்கிறது. பறை அடிமைச் சின்னம், அதைத் தீயிலிடு, அடிக்க மறு என்பார் ஒரு சாரார். அவர் சொல்வது வெற்று ஆவேசம் அன்று: இழவுக்குப் பறையடிக்க மறுத்த குற்றத்துக்காக உதைபட்டோரும் ஊர்விலக்கப்பட்டோரும் தமிழ்நாட்டில் உண்டு. பறை நம் இசை, அதை மேடையேற்று என்பார் மற்றொரு சாரார். மேடையில் அடித்துவிட்டால் தெருவில் இழிவு தீர்ந்துவிடுமா என்று முன்னவர் கேட்பர். கருவியைக் கொளுத்திவிட்டால் சாதி எரிந்துவிடுமா என்று பின்னவர் கேட்பர். நாம் எந்தப் பக்கம்? இழிவு தோலில் இல்லை. கூப்பிடுகிற குரலிலே இருக்கிறது. ‘வாடா’ என்று கூப்பிட்டால் போகக்கூடாது. ‘வாருங்கள், இத்தனை ரூபாய்’ என்றால் போகலாம், போகாமலும் இருக்கலாம். ‘போகாமலும் இருக்கலாம்’ என்பது இருக்கிறதே, அது கையில் இல்லாதவரையில் கலை என்ற பேச்சே ஏய்ப்பு. ஆனால், அதைச் சொல்ல நமக்கு எளிது. மாதச் சம்பளம் வாங்குகிறவர் நாம். சொல்லிப் பார்க்க வேண்டியவர் வேறொருவர்.

திரும்பும் பேருந்திலே பையன் உறங்கவில்லை. அந்த மாணவி எழுதிக் கொடுத்த எண்ணைக் கைப்பேசியில் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டான். திண்டிவனம் தாண்டியபின், “சார், அப்பாவை அங்க அடிக்கக் கூப்பிடுவாங்களா? காசு குடுப்பாங்களா?” என்றான். கேட்டுச் சொல்கிறோம் என்றோம். கேட்டோம். வழிச்செலவும் ஒரு நாள் கூலியும் தருவதாகச் சொன்னார்கள். தை கடைசியில் ஒரு நாள் அவர் சென்றும் வந்தார்.

அதற்கு முன்பே, பொங்கல் கழிந்த வாரத்தில், எங்கள் ஊர்ப் பெரிய வீட்டில் ஒரு சாவு. ஆள் வந்தான். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒலியெழுப்பிப் பெயர் சொல்லி அழைத்தான். தந்தை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாராம். நான்கு பேர் வருவோம், ஆளுக்கு ஆயிரம், சட்டையோடு அடிப்போம், சோறு வேண்டாம், பணம் போதும் என்றாராம். வந்தவன் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினான். பிற்பகலில் மாவட்டத் தலைநகரிலிருந்து பேண்டு செட் வந்து இறங்கிற்று. அவர்களுக்குச் சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலணி, தலையில் தொப்பி.

அந்த வாரம் அவர் சென்ட்ரிங் வேலைக்குப் போனார். மறு வாரமும் போனார். திங்களன்று வகுப்பு முடிந்தபின் நம்மிடம் வந்து இதையெல்லாம் சொன்ன பையன், பொதுத்தேர்வுக் கால அட்டவணையை எழுதிக்கொண்டு போனான். பறை இப்போது சுவரில் தொங்குவதில்லை. தோல் தளரக் கூடாதென்று, பள்ளிக்குப் புறப்படுமுன் அவன் அதை எடுத்து வாசலில் வெயில்படும் இடத்திலே சாய்த்து வைத்துவிட்டு வருகிறானாம்.